ஜிலாலியின் தலைமேல் நாரைக்கூடு

செங்கால் நாரை முதல் குச்சியைத் தலையில் வைத்தபோது ஜிலாலி நான்கு ஜெர்மன்காரர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். மராகேஷ் நகரத்தின் சிவந்த மதில்களுக்குள்ளே, பாதி இடிந்தும் பாதி நின்றுமாக இருக்கிற நாரத்தை அரண்மனையின் தோட்டத்தில், உடைந்த தூண் ஒன்றின் பீடத்தில் ஏறி நின்றுகொண்டு, இங்கே இருக்கிற நாரத்தை மரங்கள் ஒவ்வொன்றும் சுல்தானின் ஒவ்வொரு மனைவிக்காக நடப்பட்டவை என்றும், எந்த மனைவி கோபித்துக்கொண்டாளோ அவளுடைய மரம் அந்த வருஷம் கசந்தது என்றும், கடைசியில் எல்லோருமே கோபித்துக்கொண்டதால்தான் இன்றைக்கு எல்லா மரமும் கசக்கிறது என்றும் அவன் அளந்துகொண்டிருந்தான். நாரை அவன் தோளில் இறங்கியது, தலைப்பாகையில் குச்சியை வைத்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, திருப்தியில்லாமல் அதைத் திருப்பி வைத்தது, பிறகு பறந்துபோய் இன்னொன்று கொண்டுவந்தது. ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள். ஜிலாலி அசையவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் நாரை பறவைக் கணக்கில் வராது. தூரத்துத் தீவு ஒன்றில் மனிதர்களாக வாழ்கிறவர்கள்தான் குளிர் முடிகிற சமயத்தில் இறகு உடுத்திக்கொண்டு வந்து அரண்மனை மதில்களிலும் பள்ளிவாசல் கோபுரங்களிலும் தங்கிவிட்டுப் போகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள், நம்பாதவர்கள் அதை வெளியே சொல்லாமல் இருந்தார்கள். நாரை கூடு கட்டிய வீட்டை இடிக்கக்கூடாது, கூரை ஒழுகினாலும் ஏறிப் பார்க்கக்கூடாது, கூட்டைக் கலைத்தவனுடைய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் நெருப்பும் கொடுக்கமாட்டார்கள், உப்பும் கொடுக்கமாட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், செத்தால் தூக்கவும் வரமாட்டார்கள். இரண்டு குச்சி வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும், அதுவரைக்கும் மரியாதைக்கு நிற்போம் என்று ஜிலாலி நினைத்தான். அந்த ஊரில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சூவென்று விரட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருப்பான்.

பிற்பகல் தொழுகைக்குள் கூட்டுக்கு விளிம்பு கட்டியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெண் நாரையும் வந்து சேர்ந்து, இரண்டும் கழுத்தைப் பின்னால் வளைத்து அலகைப் படபடவென்று தட்டிக்கொண்டன.

ஜிலாலியின் மனைவி இத்தோ அப்போது வீட்டில் பருப்பு களைந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், நிறைய வருஷம் காத்திருந்து இந்தத் தடவைதான் வயிற்றில் பிள்ளை தங்கி, ஏழு மாசம் ஆகியிருந்தது. தெருவின் ரொட்டி அடுப்பை நடத்துகிற லல்லா ஷாமா மூச்சு வாங்க வந்து, உன் புருஷன் தலையில் நாரை கூடு கட்டிவிட்டது என்று சொன்னபோது இத்தோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாப்பிட்டானா?

இத்தோவைக் குறை சொல்ல முடியாது. ஜிலாலி அனுமதி அட்டை இல்லாத வழிகாட்டி. பெரிய கோபுரத்தடியிலோ, பழைய மதரஸாவின் வாசலிலோ, ஒலிவத் தோப்பின் நடுவே இருக்கிற பெரிய தடாகத்தின் கரையிலோ திகைத்து நிற்கிற வெளிநாட்டாரைப் பிடித்து, ஆறு மொழிகளில் பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு ஆறு மொழி வைத்திருந்தான். சுற்றுலாப் போலீஸைக் கண்டால் தோல் பதனிடுகிற தெருவுக்குள் ஓடி ஒளிந்துகொள்வான். ஓடுகிற ஓட்டத்தில் செருப்பு கழன்றுவிடும். மாலையில் அவன் வாசலில் நுழையும்போது இத்தோ முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள். செருப்போடு வந்தால் நல்ல நாள், வெறுங்காலோடு வந்தால் துரத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டவன் தலையில் ஒரு நாரை வந்து உட்கார்ந்தது என்றால், இத்தனை வருஷத்தில் அவனைத் துரத்தாத முதல் ஆள் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாவிதர் ஏணி சாத்தி ஏறி வந்து, கூட்டைத் தொடாமல் தாடியை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போனார். ஆரஞ்சுச் சாறு விற்கிறவர்கள் சதுக்கத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அரண்மனை வாசலில் இடம் பிடித்தார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அவன் அங்கி நுனியில் நூல் கட்டினார்கள், கல்யாண ஊர்வலங்கள் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயின, பால்காரனுக்கும் பள்ளிப்பிள்ளைகளுக்கும் அடையாளம் சொல்ல ஜிலாலிக்கு வடக்கே, ஜிலாலிக்குக் கிழக்கே என்று பேச்சு வந்துவிட்டது. இயற்கை உபாதைகளுக்கு அவன் என்ன செய்தான் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். பார்க்கத் தகுந்த இடங்களைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை, அவனைப் பற்றியும் கேட்கவில்லை. அவனைத் துரத்தித் துரத்திக் கால் ஓய்ந்த போலீஸ்காரர்களே இப்போது இரண்டு பக்கமும் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

அட்டை வைத்திருக்கிற வழிகாட்டிகளும் வந்தார்கள். வந்து, இதோ நிற்கிறாரே இவர் முந்நூறு வருஷமாக நிற்கிறார், சுல்தானிடம் ஒரு பொய் சொன்னதற்காக நாரையின் சாபம் பெற்றவர் என்று கூசாமல் சொன்னார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது ஜிலாலிக்குச் சிரிப்பு வந்தது, கூடு ஆடும் என்று அடக்கிக்கொண்டான். பிறகு சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாள் போனதும், அவர்கள் ஒரு விவரத்தை மாற்றிச் சொன்னால் அவன் புருவம் சுருங்குவதை இத்தோ பார்த்தாள்.

அப்போதெல்லாம் அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். பீடமும் இடுப்புயரம்தான். கையைத் தூக்கினால் கூடு ஆடும் என்று அவன் அசையமாட்டான், இத்தோதான் மதியத்தில் ரொட்டியும் ஒலிவக்காயும் எடுத்துக்கொண்டு போய் எட்டி ஊட்டிவிடுவாள். முட்டையிட்டாயிற்றா, எத்தனை, குஞ்சு எப்போது பறக்கும் என்று விசாரிப்பாள். வெயில் முற்றுவதற்குள் பறந்துவிடும், அதற்கப்புறம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவன் சொல்வான். ஒருநாள் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, அவளைப் பார்க்காமல் எதிர்மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இத்தோ, இங்க நிக்கறப்ப யாரும் என்னைத் துரத்தல."

அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. நாரையைக் கண்டு வரவில்லை, புருஷனைக் கண்டு வந்தது.

பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று ஊரில் ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் லம்ரானி, ஊரார் மரியாதையாகச் சிதி லம்ரானி என்பார்கள். நல்ல மனிதர்தான், கெட்டவராக இருந்திருந்தால் இத்தோவுக்குச் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். பனங்கற்கண்டு மாதிரி மெதுவாகக் கரைந்து கரைந்து பேசுவார். அவர் ஜிலாலியை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்து, நான்காவது பக்கம் மதில் மறைப்பதற்காக வருத்தப்பட்டு, இவரைப் பின்வரிசையில் நிற்கிறவர்களும் பார்க்கவேண்டும் என்று சொல்லி, கல்தச்சர்களை வைத்துப் பீடத்தை உயர்த்தினார். முட்டை ஒன்று உருளாமல், ஒரு குச்சி நழுவாமல், ஜிலாலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனான். பிறகு சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பிறகு, பேசுகிற சின்னத்தைப் பார்த்தால் வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று லம்ரானி மிகவும் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஜிலாலி பேச்சை நிறுத்திக்கொண்டான். ஆறு மொழியில் வாயடித்தவன் ஒரே சொல்லில் அடங்கிப்போனதை ஊரில் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. தலையில் கூடு வந்ததையே நினைக்காதவர்கள்.

இப்போது இத்தோவுக்கு அவன் முழங்கால்தான் எட்டியது. லல்லா ஷாமா ரொட்டி தள்ளுகிற நீளமான மரத்துடுப்பைக் கொடுத்தாள். அடுப்புக்குள் மாவைத் தள்ளுகிற மாதிரி இத்தோ துடுப்பின் நுனியில் ரொட்டியை வைத்து மேலே நீட்டுவாள், அவன் உதட்டால் கவ்விக்கொள்வான். வருகிறவர்கள் அதையும் படம் எடுத்தார்கள். பங்குனி வெயில் ஏறி, நாரத்தை மரமெல்லாம் பூத்து, பெண்கள் அடியில் வெள்ளைத் துணி விரித்துப் பூ உலுக்குகிற காலம் வந்தது. மற்ற வருஷங்களில் இத்தோவும் பூ உலுக்கி, வீட்டில் அதைக் காய்ச்சி வாசனைப் பூநீர் இறக்குவாள். இந்த வருஷம் வயிறு குனிய விடவில்லை, துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படி நின்ற ஒரு மதியத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள். வெயிலில் ஜிலாலி கண்ணயர்ந்திருந்தான், நின்றவாக்கில் தூங்கப் பழகிவிட்டிருந்தான். தலை மெதுவாக முன்னால் சாய்ந்தது, திடுக்கிட்டு நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கூடு அசையவில்லை. அவன் தலைப்பாகைக்கும் கூட்டின் அடிக்குச்சிக்கும் நடுவில், துடுப்பைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே நிற்கிறவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு விரற்கடை வானம் தெரிந்தது. நீல வானம்தான், அதில் சந்தேகமே இல்லை. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். கூடு தன்பாட்டுக்கு நின்றது. அதற்குக் கீழே ஒரு மனிதன் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

ஜிலாலி, அது உன்மேல் இல்லை, இறங்கி வா என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சொன்னால் இறங்கிவிடுவான், தெரியும். தாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு இறங்குவான், நாரைக்குக்கூடத் தான் வேண்டியிருக்கவில்லை என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டு வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். அதுகூடப் பரவாயில்லை. அவளுக்கும் பிள்ளைக்குமாக அவன் இறங்கி வந்தானா, வேறு வேலை இல்லாததால் வந்தானா என்று அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமல் போய்விடும். இத்தோ வாயை மூடிக்கொண்டாள். அது பெருமையா, பிடிவாதமா, பயமா என்று கேட்டால் மூன்றும்தான். ரொட்டியை நீட்டினாள், அவன் விழித்துக் கவ்விக்கொண்டான்.

அடுத்த வாரம் லம்ரானி வீட்டுக்கே வந்து, புதினா டீ குடித்து, ஒரு நல்ல செய்தி சொன்னார். நாரைகள் வருஷா வருஷம் அதே கூட்டுக்குத்தான் திரும்பி வரும். குஞ்சுகள் பறந்தாலும் கூடு அவற்றுடையதுதான், ஆகவே ஜிலாலி போகவேண்டிய அவசியமே வராது. வெயிலும் மழையும் அரிக்காமல் இருக்க அவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுக்கப்போகிறோம், பழைய குளியல் மண்டபங்களில் பூசி, சோப்பும் கூழாங்கல்லும் வைத்துத் தேய்த்து மினுக்குவார்களே, அதே பூச்சு, ஆயிரம் வருஷம் தாங்கும் என்றார். அவன் சம்மதித்தானா என்று இத்தோ கேட்டாள். அவர் மறுப்புச் சொல்லவில்லை என்றார் லம்ரானி. பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே என்று அவள் கேட்டதற்கு அவர் உண்மையாகவே யோசித்தார், யோசித்துவிட்டு இன்னொரு டம்ளர் டீ கேட்டார்.

பூச்சுக்காரர்கள் காலிலிருந்து ஆரம்பித்தார்கள். செருப்போடு சேர்த்துப் பூசினார்கள். தினமும் கொஞ்சம் பூசி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுநாள் அதற்கு மேலே பூசினார்கள். பாதம் மதிலின் நிறத்துக்கு வந்தது, பிறகு கணுக்கால், பிறகு ஆடுசதை. இத்தோ தினமும் போய்ப் பார்ப்பாள், எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்புவாள். ஒரு விரற்கடை வானம் அங்கேயேதான் இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது, லல்லா ஷாமா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள், பெண் பிள்ளை பிறந்தது. அதே விடியலில் கூட்டிலும் குஞ்சு பொரித்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எதற்காக மகிழ்ச்சி கொண்டாடுகிறார்கள் என்று படுத்திருந்த இத்தோவுக்குச் சரியாகப் புரியவில்லை.

அவர்கள் வழக்கப்படி ஏழாம் நாள் கிடா அறுத்துப் பெயர் வைக்கவேண்டும். தகப்பன் பிள்ளையின் வலது காதில் தொழுகை அழைப்பையும் அதன் பெயரையும் ஓதுவான், அதுவரைக்கும் பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பெயரை முதலில் கேட்கவேண்டியது பிள்ளைதான். தகப்பன் இல்லாவிட்டால் தாத்தா, தாத்தா இல்லாவிட்டால் மாமன். இத்தோவின் பக்கம் ஆண்கள் யாரும் உயிரோடு இல்லை, ஜிலாலியோ அநாதையாக வளர்ந்தவன். தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதே ஏழாம் நாளில்தான் வெளிநாட்டிலிருந்து பெரிய விருந்தாளிகள் நாரத்தை அரண்மனையைப் பார்க்க வருவதாகவும், அவர்கள் முன்னிலையில் ஜிலாலிக்கு மார்பு வரைக்கும் பூசிவிடப்போவதாகவும் செய்தி வந்தது. லம்ரானி இன்னொரு தடவை வந்து, பிள்ளைக்குத் தானே காதில் ஓதுவதாகவும், பாரம்பரியம் என்று பொருள்படும் ஓர் அழகான பெயரைத் தேர்ந்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தோ அவருக்கு டீ கொடுக்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் கிடாவை வாசலில் கட்டிப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு மை தீட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு இத்தோ கிளம்பினாள். இடுப்பு இன்னும் சரியாக நிற்கவில்லை. லல்லா ஷாமா துடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள், கையில் எதையாவது பிடித்திருக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. தெருப்பெண்களும் பின்னால் வந்தார்கள். யாரும் குலவையிடவில்லை.

அரண்மனைத் தோட்டத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். விருந்தாளிகள் வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அட்டை வைத்திருந்த வழிகாட்டி முந்நூறு வருஷக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பூச்சுக்காரர்கள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஜிலாலியின் கால்கள் முழங்கால் வரைக்கும் மதிலாகியிருந்தன. கூட்டின் விளிம்பில் மூன்று குஞ்சுகள் வழுக்கைத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. இத்தோ கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். போலீஸ்காரர் ஒருவர் தடுக்க வந்து, கையில் பிள்ளையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

பீடத்தடியில் நின்று அவள் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினாள். அவன் முழங்கால் வரைக்கும் வந்தது.

"ஜிலாலி. இவளுக்கு இன்னைக்குப் பேர் வைக்கணும். உன் வாயாலதான் வைக்கணும். என் கை இவ்வளவுதான் எட்டும்."

வழிகாட்டி பேச்சை நிறுத்தினான். லம்ரானி அவசரமாக எழுந்து வந்து, தாழ்ந்த குரலில், இதற்குப் போய் ஏன் இத்தனை சிரமம், அந்தத் துடுப்பில் பிள்ளையை வைத்து மேலே நீட்டினால் அவர் வாய்க்கு நேராகப் போய்விடுமே, ரொட்டி அப்படித்தானே கொடுக்கிறீர்கள் என்றார். நல்ல யோசனை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். லல்லா ஷாமா துடுப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பிள்ளை ரொட்டி இல்ல, சிதி" என்றாள் இத்தோ, அவர் பக்கம் திரும்பாமலே.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குனிந்தால் கூடு விழும், மூன்று உயிர் போகும், பிறகு அந்தத் தெருவுக்கே விளங்காது என்றார்கள். அவள் மலைக்காரி, அவளுக்கு நம் வழக்கம் தெரியாது என்றார்கள். இத்தோவின் கை தாழ ஆரம்பித்திருந்தது. பெற்றெடுத்து ஒரு வாரமே ஆன உடம்பு, பூப்போலிருந்த பிள்ளை இரும்பாகக் கனத்தது. அவள் ஜிலாலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண் அவன் பழகிவைத்திருந்த இடத்தில், எதிர்மதிலின் உச்சியில் இருந்தது. அவனுக்கு மேலே அந்த ஒரு விரற்கடை வானம் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும். சொல்லாமல் போனால் பூச்சு மார்புக்கு ஏறும், நாளைக்குக் கழுத்துக்கு ஏறும், இவள் அப்பன் எங்கே என்று பிள்ளை கேட்கும்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைகாட்டவேண்டும். அப்படியும் அவள் சொல்லவில்லை.

ஜிலாலியின் உதடு அசைந்தது. அத்தனை நாளாகப் பேசாத குரல், துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது.

"இத்தோ, மேல குஞ்சு இருக்கு."

"தெரியும்."

"அப்புறம் நமக்கு யாரும் நெருப்பு தரமாட்டாங்க. உப்பு தரமாட்டாங்க."

"தெரியும்."

அவன் கண் மதிலிலிருந்து இறங்கியது. மெதுவாக, படி படியாக இறங்குகிற மாதிரி, கூட்டத்தைக் கடந்து, நாற்காலிகளைக் கடந்து, இத்தோவின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து வெள்ளைத் துணிக்கு வந்தது. மகளை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். நிமிர்ந்த தலையோடு கீழே பார்க்க முடியாமல் இருந்தது அத்தனை நாளும். இத்தோவின் கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது, தாங்க முடியவில்லை. பிள்ளை சிணுங்கியது.

ஜிலாலி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தான்.

முழங்காலில் பூச்சு வெடித்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. பெண்கள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். லம்ரானி காதைப் பொத்திக்கொண்டார். விழுகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஜிலாலி பிள்ளையின் காதில் வாயை வைத்துத் தொழுகை அழைப்பை முழுதாக ஓதி, அவசரப்படாமல் ஒரு பெயரையும் சொல்லி முடித்திருந்தான். சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கூடு இருந்த இடத்திலேயே தெரிந்தது. கீழே ஆள் இல்லை, தூண் இல்லை, காற்றில் நின்றது. பெண் நாரை வாயில் தவளையோடு வந்து அதன் விளிம்பில் இறங்கி, குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு, கழுத்தை வளைத்து அலகைத் தட்டியது. பிறகு முன்வரிசையில் நின்ற சாறு விற்கிறவர், அது எப்போதும் அவ்வளவு உயரத்தில்தானே இருந்தது என்றார். ஆமாம், அங்கேதான் இருந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வழிகாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்நூறு வருஷமாகக் காற்றில் நிற்கிற இந்தக் கூடு என்று ஆரம்பித்தான். விருந்தாளிகள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். குழைத்த சுண்ணாம்பு வீணாகக்கூடாது என்று பூச்சுக்காரர்கள் பீடத்தை மினுக்க உட்கார்ந்தார்கள். பீடத்தின் மேல் பூச்சாலான இரண்டு வெற்றுக் கால்கள், முழங்கால் வரைக்கும், உள்ளே செருப்போடு நின்றன. ஜிலாலி அவற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு கீழே இறங்கியதை இத்தோவையும் லல்லா ஷாமாவையும் தவிர யாரும் பார்க்கவில்லை.

அவன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அப்போது அவன் முகத்தில் வந்து போனதை இத்தோவால் தாங்க முடியவில்லை. பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள், கை நிறைந்தால் முகம் வேறு மாதிரி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் போலீஸ்காரர் அவர்களை நிறுத்தி, அவனை மேலும் கீழும் பார்த்து, வழிகாட்டி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ஜிலாலியின் கால் பழக்கத்தில் ஓட ஆயத்தமானது. பிறகு கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டான்.

"நான் யாருக்கும் வழிகாட்டல. என் மகளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். போலீஸ்காரர் வழி விட்டார்.

லல்லா ஷாமா அவர்களுக்கு முன்னாலேயே வேகமாக நடந்து போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் இத்தோவுக்குக் கேட்டது. கூடு விழவில்லை, சரி. ஆனால் விழட்டும் என்று நினைத்துத்தான் ஒருவன் குனிந்தான், அதை அந்தத் தெருவே கண்ணால் பார்த்தது. வீட்டில் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, இத்தோ செம்பில் தண்ணீர் எடுத்து வந்து அவன் கால்களைக் கழுவினாள். வெறுங்காலோடுதான் வந்திருந்தான். சுண்ணாம்பு கரைந்து ஓடியது.

"இத்தோ, அந்தக் கூடு எப்பலேர்ந்து அப்படித் தனியா நிக்குது?"

அவள் தலை நிமிரவில்லை.

"நீ குனியறப்ப, விழும்னு நெனச்சுத்தானே குனிஞ்சே?"

"ஆமா."

"அப்ப அதைக் கேக்காதே."

அவன் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்பைப் பார்த்தாள். பிள்ளை பெற்ற வீடு, ஒரு வாரமாக அணைந்து கிடந்தது. வாசலில் கிடா கத்தியது.

"லல்லா ஷாமா வீட்டுல போய்க் கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வா" என்றாள்.

ஜிலாலி அவளைப் பார்த்தான். அவள் சும்மா கேட்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. ஈரக்காலோடு தெருவில் இறங்கினான், கதவைத் தட்டினான். தட்டுகிற சத்தத்தை இத்தோ வாசலில் நின்று கேட்டாள். தெருவில் மற்ற கதவுகளும் ஒருக்களித்துத் திறந்தன, எல்லாக் கண்ணும் அந்தக் கதவின் மேல் இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் இன்னொரு தடவை தட்டவில்லை, திரும்பியும் வரவில்லை, நின்றுகொண்டே இருந்தான், நிற்கத்தான் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்ததே.

கதவு திறந்தது. லல்லா ஷாமா அவனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள், கால்களைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாள். அவள் கையில் உப்பு ஒரு கிண்ணத்தில் தயாராக இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், அவன் கேட்காத நெருப்பையும் துடுப்பின் நுனியில் கனன்றுகொண்டிருந்த துண்டங்களாக எடுத்து வந்து, பார்த்துப் போ, காலைச் சுட்டுக்காதே என்று சொல்லி நீட்டினாள்.